காதில் விழுந்த பாடம்

அன்புள்ள அண்ணாச்சி,

லெஸ்டரில் மழை விட்டபாடில்லை. ஷூவின் அடி பிய்ந்துபோய், தைக்கிற பெரியவர் ஒருவரிடம் கொடுத்திருந்தேன். நேற்று வாங்கப் போனால், புது அடியைப் புரட்டிக் காட்டி, "ஐ ஹாவ் சேவ்ட் யுவர் சோல், மி டக்" என்றார். (ஆளைப் பிரியமாக 'வாத்தே' என்று கூப்பிடுவது இந்த ஊர் வழக்கம்.) எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. சோல் என்றால் ஷூவின் அடி; எழுத்து மாறினால் ஆன்மா. காதுக்கு இரண்டும் ஒன்றே.

ஷேக்ஸ்பியர் 1599-வாக்கில் எழுதிய 'ஜூலியஸ் சீசர்' தொடங்குவதே ஒரு செருப்புத் தைப்பவன் இதே சொல்லை வைத்து அதிகாரிகளைச் சீண்டுவதில்தான். பாளையங்கோட்டையில் அதைப் படித்தபோது 'சிலேடை' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டோம். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பது? எழுத்தைப் பார்த்து ஒன்றை 'சோல்' என்றும் மற்றதை 'சௌல்' என்றும் வாசித்தவர்கள் நாங்கள். கண்ணால் கற்ற இங்கிலீஷ் அது. இவர்களுடைய சிலேடையோ பெரும்பாலும் காதில் இருக்கிறது.

தமிழ் வகுப்பில் அப்படி இல்லை. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் காளமேகம் அடக்கியதை ஐயா விளக்கியபோது பெஞ்சே அதிர்ந்தது. பாம்புக்கு நஞ்சு விஷம். பழத்துக்கு நைந்த நிலை. பழம் நஞ்சுபோனதை வீட்டில் தினம் பார்த்தவர்களுக்கு உரை எதற்கு? அகராதி இரண்டு பொருளையும் தந்துவிடும். இரண்டும் ஒரே நொடியில் மனசில் மோத வேண்டுமே, அதற்கு அந்தப் பேச்சுக்குள் குடியிருக்க வேண்டும். எனக்கு இங்கே பதினோரு வருஷம் ஆயிற்று.

பெரியவர் விடவில்லை. "உங்க பாஷையில இந்த மாதிரி உண்டா?" என்றார். முந்தின ராத்திரிதான் அம்மா போனில் சொல்லியிருந்தாள்: "ஆத்துல தண்ணி நெறையப் போவுது. வந்து குறுக்குத்துறையில ரெண்டு முங்கு முங்கு, எல்லாம் ஆறிரும்." அதையே சொன்னேன். எங்கள் ஊரில் தாமிரபரணி ஓடுகிறது. நதிக்கு ஆறு என்று பெயர். புண் குணமானாலும், மனசு அடங்கினாலும், காப்பி சூடு தணிந்தாலும் அதே ஆறுதான் என்றேன்.

கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். போன வருஷம் மனைவியை இழந்தவர். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார். வல்லின 'று' அவர் நாக்குக்கு வரவில்லை.

"ஆரு... ஆரு..."

வண்ணார்பேட்டையில் நம் வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஆச்சி கேட்பாளே, அதே குரலாக விழுந்தது என் காதில்.

"ஆரு?"