உப்புப் போட முடியாத சரக்கு

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனியிலோ டேனரி ஆபீஸிலோ வேலை பார்க்கும் இளைஞர்களிடம் சம்பள நாள் சாயங்காலம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது டீக்குள் விஷயம் வெளியே வந்துவிடும். ஏலகிரியில் கொஞ்சம் நிலம், அதில் நாலு காட்டேஜ். அப்புறம் எந்த மேனேஜருக்கும் குட்மார்னிங் சொல்ல வேண்டாம்!

ஆசை எங்கே பிறக்கிறது என்று தெரிய வேண்டுமானால் மே மாதம் பஸ் ஏறுங்கள். கீழே வெயில் மண்டையைப் பிளக்கும். டேனரி வாசனை ஜன்னல் வழியாகக் கூடவே வரும். வாணியம்பாடி தாண்டி, திருப்பத்தூர் ரோட்டில் பொன்னேரி (சென்னைப் பக்கத்துப் பொன்னேரி இல்லை சார், இது வேற). அங்கிருந்து மலை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளல் பெயர். முல்லைக்குத் தேர் தந்த பாரியின் பெயரிலும் ஒரு வளைவு. அங்கே ரேடியேட்டர் கொதித்து நின்றால் நமக்குத் தேர் தர ஆளில்லை. குளிரில் நடுங்கிய மயிலுக்குப் போர்வை போர்த்திய பேகனும் உண்டு. மேலே லாட்ஜில் எக்ஸ்ட்ரா போர்வை கேட்டால் பில்லில் ஏறும்!

சுமார் 1,100 மீட்டர் உயரம். ஊட்டியின் பாதிதான். ஆனாலும் கீழே வெந்த உடம்புக்கு அந்தக் காற்று போதும். புங்கனூர் ஏரியில் படகு, சுவாமிமலைக்கு ஒரு நடை, ரோட்டோரம் பலாப்பழம். 'ஆஹா, இங்கேயே இருந்துட்டா என்ன?' என்று தோன்றும். பி.எஃப். பணத்துக்கு ஆபத்து ஆரம்பிப்பது அந்த நிமிஷத்தில்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். எட்டு அறை கட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 56 அறை-ராத்திரி. வெள்ளியும் சனியும் பெங்களூர், சென்னைக் கார்கள் வந்து எட்டும் நிரம்பினால் 16. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட கையோடு கார்கள் இறங்கிவிடும். மிச்சம் 40 ராத்திரி? வாட்ச்மேனும் நீங்களும் கேரம் ஆடலாம்.

கீழே தோல் மண்டிக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். பச்சைத் தோல் இன்றைக்கு விலை போகவில்லையென்றால் உப்புப் போட்டு அடுக்கி வைத்து, சில வாரம் கழித்துக்கூட விற்கலாம். செவ்வாய்க்கிழமை ராத்திரி காலியாகக் கிடந்த அறைக்கு எந்த உப்பைப் போடுவது? அது விடிந்தால் போச்சு.

சமையல்காரர் சம்பளம், பேங்க் வட்டி எல்லாம் ஏழு நாளுக்கும் உண்டு. மோட்டார் கெட்டுப்போனால் ஸ்பேர் பார்ட் 14 வளைவு ஏறி வரவேண்டும். கோடையில்தான் கூட்டம், தண்ணீர் இழுத்துக்கொள்வதும் கோடையில்தான்! 2020-ல் கொரோனா வந்து ஊரடங்கு போட்டபோது சனி, ஞாயிறும் செவ்வாய்க்கிழமை மாதிரி ஆனது.

ஏலகிரி மட்டுமில்லை, மலையில் குளிரை விற்கிற எல்லோருக்கும் இதே தலைவலி. இமயமலையில் ஔலி என்ற பனிச்சறுக்கு ஊர் இருக்கிறது. பனி போதாமல் அங்கே போட்டிகளையே ரத்து செய்த வருஷங்கள் உண்டு. மணாலிப் பக்கம் ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன் ஆல்ஃபிரட் ஃபோர்ட் பெரிய பனிச்சறுக்கு கிராமமே கட்ட வந்தார். 2006-ல் குலு பள்ளத்தாக்குத் தெய்வங்களை நக்கர் என்ற ஊரில் கூட்டி வைத்துக் கேட்டார்கள். பூசாரிகள் வாயிலாக வந்த வாக்கு: 'வேண்டாம்.' கடைசிவரை அந்தக் கிராமம் எழும்பவேயில்லை. நம் ஆளுக்கு பேங்க் மேனேஜர் ஒருத்தர் 'வேண்டாம்' என்றால் போதும்.

அப்படியும் தாக்குப்பிடிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் நம்புவது ஞாயிற்றுக்கிழமையை இல்லை. ஸ்கூல் கேம்ப், கம்பெனி டிரெயினிங் என்று ஆள் பிடித்து வாரத்தின் நடுவை நிரப்பப் பார்ப்பார்கள். அடுத்த தடவை உங்கள் ஆபீஸில் 'டீம் பில்டிங்' என்று மலைக்குக் கூட்டிப் போனால் காலண்டரைப் பாருங்கள். புதன்கிழமையாக இருந்தால், ரேட்டை இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம்!