யான் வயலில் இறங்கிய பிளென்ஹைம்

“வர்ற வழியில தைப்பிங்ல இறங்கி ஒரு கல்லறையைப் படம் பிடிச்சிட்டு வாம்மா” என்றார் மாமா. பிப்ரவரி மாதம், வெள்ளிக்கிழமை. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டுக் கோலாலம்பூரிலிருந்து கெடாவுக்குக் காரை எடுத்திருந்தேன். கல்யாண வீட்டுக்கோ கருமாதிக்கோ அல்ல, விமானம் பறப்பதைப் பார்க்கப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

தைப்பிங் போர்க் கல்லறை, லாருட் மலைக்கு ஏறும் சாலையில் இருக்கிறது. சாலையின் ஒரு புறம் கிறித்தவ வீரர்கள், மறுபுறம் இந்திய, கூர்க்கா வீரர்கள். 850க்கும் மேற்பட்ட கல்லறைகள். அதில் 500க்கும் மேல் பெயர் தெரியாதவர்களுடையவை. புல்லை அவ்வளவு ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் தேடிய பெயர் ஆர்தர் ஸ்கார்ஃப்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர்கள் சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் விமானத் திடல்களைத் தாக்கினார்கள். மறுநாள், அவர்கள் தரையிறங்கியிருந்த தாய்லாந்தின் சிங்கோராவைப் பதிலுக்குத் தாக்க, பட்டர்வொர்த்திலிருந்து பிளென்ஹைம் விமானங்கள் கிளம்பத் தயாராயின. முதலில் மேலே ஏறியது ஸ்கார்ஃபின் விமானம். அவர் வானத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்தபோதே கீழே குண்டு விழுந்து மற்றவை நாசமாகிவிட்டன. திரும்பிவிட்டிருக்கலாம். அவர் தனியாகவே போனார். சிங்கோராவில் குண்டு போட்டுவிட்டு, பலத்த காயத்தோடு எல்லை தாண்டி வந்து, அலோர் ஸ்டாரில் விமானத்தைத் தரையோடு உரசி இறக்கினார். உடனிருந்த இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவர் அங்குள்ள மருத்துவமனையில் இறந்தார். அவருடைய மனைவி அங்கேதான் தாதியாக இருந்தார். விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது 1946இல்.

அந்த பிளென்ஹைமைத்தான் மாமா சுங்கை பட்டாணியில் தன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தார். கார் மழையிலும் வெயிலிலும் வெளியே நின்றது. அத்தை அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது.

பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையான பிளென்ஹைமின் இறக்கை 56 அடி 4 அங்குலம். மாமாவுடையது ஆறில் ஒரு பங்கு, 2.86 மீட்டர். எடை 16 கிலோ. உடல் பால்சா மரமும் பிளைவுட்டும், மேலே கண்ணாடியிழைத் துணி. தலா 35 சிசி பெட்ரோல் என்ஜின் இரண்டு, இரண்டுக்கும் தனித்தனி டாங்கி. சக்கரங்கள் மடங்கி உள்ளே போகும். எடை சரியான புள்ளியில் நிற்பதற்காக மூக்குக்குள் 900 கிராம் ஈயம் வைத்திருந்தார். “மூக்கு கனமா இருந்தா விமானம் சுமாரா பறக்கும். வால் கனமா இருந்தா ஒரே ஒரு தடவைதான் பறக்கும்” என்பார்.

மாமா முப்பது வருடம் விமானப் பராமரிப்புக் கொட்டகையில் வேலை செய்தவர். ஏன் பிளென்ஹைம் என்று கேட்டால் தாத்தாவைச் சொல்வார். குண்டு விழுந்த அன்று தாத்தாவுக்குப் பத்து வயது. ரப்பர்க் காட்டுக்குள் ஓடி, குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டாராம். பொத்திய காதுக்குள்ளும் கேட்டது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை விடியுமுன் யானுக்குக் கிளம்பினோம். கடாரம் என்றால் நமக்கு பூஜாங் பள்ளத்தாக்குதான் நினைவுக்கு வரும். அது ஜெராய் மலைக்குத் தெற்கே. மலையைச் சுற்றி மறுபக்கம் போனால் கடல் வரைக்கும் நெல் வயல். மலை கிழக்கே நிற்பதால் அங்கே சூரியன் தாமதமாகத்தான் வருகிறது. ஏழரை மணிக்கு வானம் வெளுத்திருந்தது, வயல் இன்னும் நிழலில். அறுவடை முடிந்த தாள்கள், எரித்த வைக்கோல் வாசம், கொக்குகள். நடுவில் விமானக்காரர்கள் புல் வெட்டி வைத்த ஓர் ஓடுபாதை. பக்கத்துக் கம்பத்துப் பையன்கள் நாலு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பொட்டலம் நாசி லெமாக்.

ஓட்டப்போவது மாமா அல்ல. அவர் கை இப்போது லேசாக நடுங்குகிறது. அவருடைய சீன நண்பர், நான் அங்கிள் என்று கூப்பிடுபவர், ஓட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். பெரிய இரட்டை என்ஜின் விமானம் ஓட்டப் பலருக்கும் பயம். காரணம் இருக்கிறது. ஒரு என்ஜின் நின்றால் விமானம் அந்தப் பக்கமாகத் திரும்பும். பதறிப்போய் மற்ற என்ஜினை முறுக்கினால் இன்னும் திரும்பும், வேகம் குறைவாக இருந்தால் புரண்டு தலைகீழாக விழும். கை தானாகச் செய்ய நினைப்பதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஓடுகிற என்ஜினையும் குறைத்து மூக்கைக் கீழே சாய்க்க வேண்டும்.

முதலில் ரேடியோ சோதனை. டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு தூரமாக நடந்துபோய், வால் அசைகிறதா என்று பார்த்தார்கள். நானும் ரேடியோக்காரிதான், ஆனால் என் குரல் பாதியில் அறுந்தால் யாரும் கீழே விழுவதில்லை.

நான் ஹெட்போனும் மைக்குமாக நின்றேன். நிகழ்ச்சிக்கு அந்தச் சத்தம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். இரண்டு என்ஜினும் ஓடும்போது தனித்தனியாகக் கேட்காது. வேகம் கொஞ்சம் வித்தியாசப்பட்டால் “வோம்... வோம்...” என்று ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 60 சுற்று வித்தியாசம் என்றால் நொடிக்கு ஒரு வோம். அந்த அலை நீண்டு நீண்டு மறைந்தால் இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று அர்த்தம். முன்பெல்லாம் மாமா அதைக் காதாலேயே சரிசெய்வார். கொட்டகை இரைச்சல் அவர் காதில் பாதியை எடுத்துக்கொண்டது. இப்போது சுற்றுமானியைப் பார்த்துத்தான்.

அலை மறைந்த பிறகு, இடது பக்கம் ஒரு சின்ன விக்கல் கேட்டது. ஒரே ஒரு தடவை. மைக்கில் காற்று அடித்திருக்கும் என்று நினைத்தேன். முப்பது வருட அனுபவம் உள்ளவரிடம் நான் என்ன சொல்வது? சுற்றுமானியைப் பார்த்து மாமா கட்டை விரலை உயர்த்தினார். நான் வாயைத் திறக்கவில்லை.

வால் முதலில் தூக்கியது. பிறகு அலட்டிக்கொள்ளாமல் தரையை விட்டது. சக்கரங்கள் உள்ளே போயின. ஜெராயின் மேல் அப்போதுதான் வெயில் வந்தது. ஒரு வட்டம், இரண்டு வட்டம், பிறகு எங்கள் முன்னால் தாழ்வாக ஒரு முறை. பையன்கள் கத்தினார்கள். மாமா கத்தவில்லை. தாத்தா காதைப் பொத்திக்கொண்ட சத்தம் இப்படித்தான் தொடங்கியிருக்குமோ என்று தோன்றியது, மைக்கைப் பிடித்திருந்த கை கூசியது.

நான்காவது நிமிடத்தில் சத்தம் பாதியானது.

“கிரி மாத்தி!” என்றார் அங்கிள். இடது செத்துவிட்டது. விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. அவர் வலது என்ஜினைக் குறைத்ததை என் காது கேட்டது. மூக்கு கீழே போனது. ஓடுபாதை எட்டாது. சக்கரத்தை இறக்க நேரமில்லை. தாள்களுக்கு நடுவே வயிற்றால் சறுக்கி, புழுதி கிளப்பி, ஒரு வரப்புக்கு முன்னால் நின்றது.

ஓடினோம். ஒரு புரொப்பெல்லர் உடைந்திருந்தது, வயிற்றுப் பக்கம் கிழிந்திருந்தது, இடது என்ஜின் மூடியில் விரிசல். மற்றபடி முழுசு. அங்கிள் தரையில் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தார். மாமா அங்கேயே இடது டாங்கியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளேயிருந்த பெட்ரோல் குழாயில் ஒரு நூல் விரிசல். பெட்ரோலோடு காற்றையும் இழுத்திருக்கிறது.

தே தாரிக் கடைக்கு வந்த பிறகுதான் சொன்னேன். ஒலிப்பதிவைப் போட்டு ஹெட்போனை மாமா தலையில் மாட்டினேன். மூன்று தடவை கேட்டார்.

“எனக்குக் கேக்கலையே.”

சத்தத்தைக் கூட்டி, அந்த இடத்தைச் சுட்டிக் காட்டினேன். நான்காம் முறை தலையசைத்தார்.

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“ஆமா மாமா.”

ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுருட்டி, என்னிடம் கொடுத்தார். பிறகு தைப்பிங் படத்தைக் கேட்டார். போனை வாங்கி ஸ்கார்ஃபின் கல்லைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

“வயிறு ஒட்டி, புது என்ஜின் மூடி போட ரெண்டு மாசம் ஆகும். ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை லீவு கிடைக்குமாம்மா? என்ஜின் பக்கத்துல நீ நிக்கணும். மைக் வேண்டாம், சும்மா காதை மட்டும் கொண்டு வா.”

சனிக்கிழமை காலை நிகழ்ச்சியை மாற்றிக்கொள்ளத் தோழி ஒருத்தி சம்மதித்துவிட்டாள். பதிலுக்கு அவளுடைய இரண்டு இரவு நேரங்களை நான் பார்க்க வேண்டும்.