விரலா, இலையா?

சின்னக்கானல் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவருக்கு, நாள்பட்ட வயிற்றுவலிக்காகத் தேனியில் எண்டோஸ்கோப்பி செய்யப்பட்டது. அறிக்கையோடு நான்கு வண்ணப்படங்கள் வந்தன. அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், வீடு திரும்பியதும் நான்காவது படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தார். முன்சிறுகுடலின் வளைய மடிப்புகள் ஈரப் பளபளப்போடு, இளஞ்சிவப்பில், அடுக்கடுக்காகத் தெரிந்தன.

"நம்ம மலைச்சரிவு மாதிரியே வரிவரியா இருக்கேடி."

ஆய்வகத் தொழில்நுட்பம் பயிலும் பேத்திக்கு வியப்பு. வகுப்பில் எவரும் அத்தகைய படத்தை அழகு என்று சொன்னதில்லை.

அம்மடிப்புகளின்மேல் குடலுறிஞ்சிகள் நெருங்கி நிற்கின்றன; ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாதது. பாடநூல்கள் அவற்றை விரல் வடிவிலேயே வரைகின்றன. 1960களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் அவர்தம் குழுவினரும் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் குடல்நோயை ஆராய்ந்தனர். மெல்லிய குழாயின் நுனியில் பொருத்திய சிறு உலோகக் கூட்டை விழுங்கச் செய்து, குடற்சவ்வில் ஒரு துணுக்கை எடுத்து, உருப்பெருக்கியின்கீழ் வைத்தனர். நோயற்றோர் பலரிடமும் தென்பட்டவை இலைகளும் நீண்ட மேடுகளும். (மேடு என்பதைவிட வரப்பு என்பதே தமிழுக்குப் பொருந்தும்.)

கண்ணுக்கு இலைவடிவமே இனிது. விரல்கள் கம்பளத்தின் இழைகளைப் போல ஒரே சீரானவை. இலைகளோ ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஓரம் நெளிந்து, காற்றில் அசைவனபோல் தோன்றும். ஆயினும் அந்நெளிவு பிறவிக்கூறன்று. கிழக்குப் பாகிஸ்தானில் பணியாற்றச் சென்ற அமெரிக்க இளைஞர்களின் குடலும் அவ்வாறே மாறியது. நாடு திரும்பியபின் மெல்லப் பழைய நிலையை அடைந்தது. தூய்மையற்ற நீராலும் உணவாலும் ஓயாது நேரும் கிருமித்தொற்று குடற்சவ்வைத் தேய்த்து அவ்வுருவைத் தருகிறது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். உறிஞ்சும் பரப்பு குறைய, உண்ட உணவின் பயனும் குறைகிறது.

பேத்தி தனக்குத் தெரிந்தவரையில் இதை விளக்கினாள். மூதாட்டி படத்தை மீண்டும் கண்ணருகே கொண்டுபோனார்.

"அப்போ எனக்கு விரலா, இலையா?"

"இந்தப் படத்துல அது தெரியாது அப்பத்தா. சதை எடுத்துப் பார்த்திருக்கணும்."

"இலையாத்தான் இருக்கும்," என்று சொல்லி, லயத்துக் குழாயில் நீர் வரும் நேரமாயிற்றென்று குடத்தைத் தேடி எழுந்தார்.