கொடுத்த சிப்பாயும் கறுப்பின் பதிலும்

சதுரங்கத்தில் வெள்ளை தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை வலியக் கொடுத்தால் அதனைக் கம்பிற் என்பர். கொடுப்பவர் வள்ளல் அல்லர். ஒரு சிப்பாயை விலையாகக் கொடுத்து, இரண்டு மூன்று நகர்த்தல்களுக்கான நேரத்தை அவர் வாங்குகிறார்.

ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகனுக்குப் பதினொரு வயது. பாடசாலைப் போட்டியொன்றில் கறுப்புக் காய்களோடு மூன்று ஆட்டங்களைத் தோற்று, இனிச் சதுரங்கமே வேண்டாம் என்று அழுதானாம். மூன்றிலும் எதிரே வந்தது டெனிஷ் கம்பிற்.

"மாமா, சும்மா தாற சிப்பாயை எடுத்தது பிழையோ?" என்று தொலைபேசியில் கேட்டான்.

எடுத்ததில் பிழையில்லை. எடுத்ததைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் காய்களை வீட்டிலேயே வைத்திருந்ததுதான் வினையாயிற்று.

இந்தக் கம்பிற்றை நான் நன்கறிவேன். கொழும்பில் பக்கங்கள் அச்சுக்குப் போன பின்னர், எங்கள் ஆசிரிய பீடத்துக்கு வந்து ஆடும் முதிய ஒப்புநோக்காளர் ஒருவருக்கு வேறு தொடக்கமே தெரியாது. இரண்டு சிப்பாய்களைக் கொடுத்துவிட்டு, இரு மந்திரிகளையும் கறுப்பு ராஜாவின் பக்கம் குறிபார்க்க நிறுத்துவார். பந்தயம் ஒரு பிளேன்ரீ. அதற்கான மருந்தையும் தோற்றவர்களுக்கு அவரே சொல்லிக் கொடுத்தார் என்பதுதான் அந்த மனிதரின் பெருமை.

ஐந்தாவது நகர்த்தலில் ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிக் கொடுத்துவிட வேண்டும். வெள்ளை மந்திரி அதை வெட்டும். கறுப்புக் குதிரை வெளியே வரும். மந்திரி எஃப்7 சிப்பாயை வெட்டிச் 'செக்' சொல்ல, ராஜா மந்திரியை வெட்டுவார். உடனே வெள்ளை ராணி கறுப்பு ராணியைத் தூக்கிவிடும். பார்ப்பவர் பதறுவர். பதறத் தேவையில்லை. கறுப்பு மந்திரி பி4 கட்டத்திலிருந்து 'செக்' சொல்லும்போது, கறுப்புக் கோட்டையின் பார்வை வெள்ளை ராணிமீது விழுகிறது. குறுக்கே வந்தாலும் வராவிட்டாலும் அந்த ராணி போயிற்று. சரியாக ஆடினால் இறுதியில் ஆளுக்கு ஐந்து சிப்பாய்கள். ராணியின் பக்கத்தில் கறுப்புக்கு மூன்று, வெள்ளைக்கு ஒன்று. தாக்குதல் அடங்கிவிட்டது.

"அப்ப மச் நீளமாப் போகுமே" என்றான் மருமகன். போகட்டும்.

1894 முதல் 1921 வரை உலகச் சாம்பியனாக இருந்த இமானுவேல் லஸ்கர், ஈவன்ஸ் கம்பிற்றுக்கும் இதே போக்கிலேயே பதில் கண்டார்: சிப்பாயைத் திருப்பிக் கொடுத்து நல்ல நிலையை வாங்கினார். எங்கள் தொழிலைச் சேர்ந்தவரான ஏர்ன்ஸ்ற் பால்க்பியர் (1855இல் வியன்னாவில் சதுரங்க இதழொன்றைத் தொடங்கியவர்) இன்னொரு வகை. கிங்ஸ் கம்பிற்றில் அவர் தந்ததை எடுக்கவேயில்லை; தானும் ஒரு சிப்பாயை நீட்டினார். எனக்கு அவரது துணிச்சல் பிடிக்கும். ஆனால் பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்லா எதிராளிகளும் திருப்பிக் கொடுப்பதை வாங்குவார்கள் என்றும் இல்லை. 1995இல் றீகாவில் விஸ்வநாதன் ஆனந்துக்கு எதிராகக் கஸ்பரோவ் ஈவன்ஸ் கம்பிற் ஆடினார். ஏழாவது நகர்த்தலில் சிப்பாயை மீட்கும் வழி திறந்தே இருந்தது. அவரோ அதை விட்டுவிட்டு மந்திரியைப் பின்னிழுத்தார். ஆனந்த் 25 நகர்த்தல்களில் தோற்றார். அந்த ஆட்டத்தையும் மருமகனுக்கு அனுப்பியிருக்கிறேன்.