எங்கள் வகுப்பில் ஐந்து பெட்டிகள்

சீனன்குடாவில் தேவாலய வளவுக்குள் இருக்கும் ஒரு பாலர் பாடசாலையில் நான் ஆசிரியை. மூன்று வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகள். அநேகமானோர் கத்தோலிக்கப் பிள்ளைகள். நான் பிறந்தது மூதூர் கிழக்கில். 2006இல் இடம்பெயர்ந்து வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பிறகு கிளிவெட்டி முகாமில் இருந்து, கடைசியில் உறவினர் ஒருவரின் உதவியால் இங்கு வந்து சேர்ந்தேன். இதே வழியால் நடந்து வந்த சகோதரிகள் பலர் இதை வாசிப்பீர்கள். அதனால் அந்தக் கதையை இங்கு நீட்டவில்லை. நான் எழுத நினைத்தது குப்பையைப் பற்றி.

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். கிண்ணியா எங்களுக்குத் தூரமில்லை. அங்கு பாடசாலைகளைச் சில நாட்கள் மூடினார்கள். அந்த வருடம் முழு இலங்கையிலும் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றும் ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எங்கள் வளவைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கத்தில் யோகட் கோப்பைகள், ரின் பேணிகள், சிரட்டைகள், ஒரு பழைய ரயர். எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர். தண்ணீருக்குள் குடம்பிகள் துள்ளின. "ரீச்சர், இது உங்கட பிள்ளைகள் சாப்பிட்ட கோப்பைதானே?" என்றார். உண்மைதான். ஒளி விழாவுக்கு நாங்கள் பங்கிட்ட யோகட். காய்ந்த கோப்பையிலும் நுளம்பு முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உரஞ்சிக் கழுவ வேண்டும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு தினத்தில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். இனிச் சும்மா இருக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது.

நான் முதலில் செய்தது பிழை. பிள்ளைகளை வரிசையாக விட்டு, ஆளுக்கொரு பையைக் கொடுத்து, வளவில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கச் சொன்னேன். எல்லோரும் ஓடினார்கள். நாலு வயதுப் பிள்ளை ஒருத்தி மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கிட்டப் போய்க் கேட்டேன்.

"நான் தொடமாட்டன் ரீச்சர். நிலத்தில கிடக்கிறதைத் தொட்டா வெடிக்கும். அம்மம்மா சொன்னவ."

அந்தப் பிள்ளை யுத்தம் முடிந்து நாலு வருடம் கழித்துப் பிறந்தவள். எங்கள் வளவில் வெடிக்க ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவளுடைய அம்மம்மா சம்பூர். சம்பூர்க் காணிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் சனங்களுக்குத் திரும்பக் கிடைத்தன. லீவு விட்டால் அவள் அங்குதான் போவாள். பற்றைக்குள்ளும் பாழ்கிணற்றடியிலும் என்ன கிடக்கும் என்று அம்மம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வாகரையில் என் பெரியம்மாவின் பேரன் பளபளவென்று கிடந்த ஒன்றை விளையாட்டுச் சாமான் என்று எடுத்து மூன்று விரல்களை இழந்தவன். முகாமில் படம் காட்டிச் சொல்லித் தந்தார்களே, தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல் என்று, அதை மனப்பாடமாக வைத்திருந்த நானே சின்னப் பிள்ளைகளின் கையில் பையைக் கொடுத்துப் பொறுக்கு என்று விட்டிருக்கிறேன். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை இணைந்ததே அந்த வருட டிசம்பரில்தான். வெடிபொருள் அகற்றும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

பைகளை எல்லாம் திரும்ப வாங்கினேன். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு சட்டம். நிலத்தில் கிடப்பதை எடுப்பது பெரியவர்களின் வேலை, அதுவும் கையுறையோடு. பிள்ளைகள் கொண்டுவருவது தங்கள் வீட்டுக் குசினியில் இருந்து மட்டும். அம்மா கழுவிக் காயவைத்துக் கையில் கொடுத்ததை மட்டும். பூச்சிமருந்துப் போத்தல், பற்றரி, ஊசி மருந்துச் சாமான் எதுவும் வேண்டாம். வேறு ஊர்ப் புத்தகங்களில் குப்பை பொறுக்கும் பிள்ளைகளின் படம் அழகாக இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் படம் சரிவராது.

கடையில் கேட்டு ஐந்து கடதாசிப் பெட்டிகள் எடுத்தோம். நிறம் பூசியது பிள்ளைகள். உக்கும் குப்பைக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்ரிக், பொலித்தீனுக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். கண்ணாடிப் பெட்டியை மட்டும் என் மேசைக்குக் கீழ் வைத்துக்கொண்டேன். கபிலப் பெட்டிக்குத்தான் கட்டுப்பாடு கூட. சீனன்குடாவில் பழைய இரும்புக்குக் குறைவில்லை. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் பற்றைக்குள் வரிசையாக நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் குண்டு போட்ட இடம் இது. அதற்குப் பிறகும் எத்தனையோ நடந்துவிட்டது. ஆகவே கபிலப் பெட்டிக்குள் பால்மாப் பேணியும் மீன் ரின்னும் தவிர வேறொன்றும் விழக்கூடாது.

ஏன் பிரிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது நினைத்ததை விட இலகுவாக இருந்தது. திருகோணமலை நகரில் மான்கள் வீதியில் திரிவதை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். அவை குப்பைக்குள் இருக்கும் பொலித்தீனையும் தின்கின்றன. அது சமிக்காமல் வயிற்றை அடைத்துக்கொள்ளும், மான் பசியிலேயே செத்துப்போகும் என்று சொன்னேன். மறுநாள் தொடக்கம் செம்மஞ்சள் பெட்டிக்கு 'மான் பெட்டி' என்று பெயர்.

பச்சைப் பெட்டிக்குரியது ஓட்டை போட்ட பழைய பீப்பாய் ஒன்றுக்குள் போகும். சகோதரிகளும் வீட்டில் இதைச் செய்யலாம். ஒரு பங்கு குசினிக் கழிவு, இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை, இடையிடையே கொஞ்சம் மண். மீன் முள்ளும் இறைச்சியும் வேண்டாம், நாய் வரும். கிழமைக்கு ஒருமுறை கிளறி, காய்ந்தால் தண்ணீர் தெளித்தால் மூன்று மாதமளவில் நல்ல பசளை. நாங்கள் கத்தரியும் மிளகாயும் வைத்தோம். கத்தரி வந்தது. மிளகாயை ஆடு தின்றுவிட்டது.

தாய்மாரோடுதான் பாடுபட்டேன். அடுப்பு மூட்ட ஷொப்பிங் பையைக் கொளுத்துவது எங்களில் பலருக்குப் பழகிவிட்டது. முகாமில் நனைந்த விறகோடு நானும் அதைத்தான் செய்தேன், குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் புகையில் நஞ்சு இருக்கிறது, அதை முதலில் சுவாசிப்பது அடுப்படியில் நிற்கும் நாங்களும் மடியில் இருக்கும் பிள்ளையும்தான். பன்னாடையும் பனம் ஊமலும் இருக்கும் ஊரில் அது தேவையில்லை. 2017 செப்ரெம்பர் 1ஆம் திகதி லஞ்ச் சீற்றையும் ஷொப்பிங் பையையும் தடை செய்தார்கள். கடைகளில் அவை நின்றபாடில்லை. எங்கள் வகுப்புக்கு மட்டும் சாப்பாடு இப்போது பெட்டியில் அல்லது வாழையிலையில் வருகிறது.

இனி நான் செய்த இரண்டாவது பிழை.

ஆண்டவர் ஐந்து அப்பங்களை ஐயாயிரம் பேருக்குக் கொடுத்த கதையை ஒருநாள் சொன்னேன். சாப்பிட்டு முடிந்த பின் மிஞ்சிய துண்டுகள் வீணாகாமல் சேர்க்கச் சொன்னார், பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன என்று முடித்தேன். ஞாயிறு மறைக்கல்வியில் எத்தனையோ தரம் சொன்ன கதை. ஆனால் ஒரு பிள்ளை, "பிறகு அந்தக் கூடையளை என்ன செய்தவை ரீச்சர்?" என்று கேட்டது. அதை நான் யோசித்ததே இல்லை. நான் பதில் தேடிக்கொண்டிருக்க, இன்னொருத்தி சொன்னாள்: "வித்திருப்பினம். கிலோவுக்குக் காசு குடுப்பினம்."

அவளுடைய தாய் போத்தலும் மட்டைப் பெட்டியும் பொறுக்கி விற்பவர். கணவர் 2007இல் காணாமற்போனவர். மூத்த மகள் இறந்தபின் அவளுடைய பிள்ளையான இவளைத் தன் பிள்ளையாகவே வளர்க்கிறார். நான் சிரித்துவிட்டு, "பார்த்தீங்களா, இவளுக்குத்தான் எல்லாம் தெரியும். இவளின்ர அம்மா எங்கட ஊரைத் துப்புரவாக்கிறவ" என்று எல்லோருக்கும் முன்னால் புகழ்ந்தேன். நல்லெண்ணத்தில்தான். அன்று இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் அவளைக் 'குப்பை' என்று கூப்பிட்டார்கள்.

ஞாயிறு பூசை முடிய அந்தத் தாய் வாசலில் என்னை மறித்தார். "ரீச்சர், என்ர பிள்ளை இதுக்குள்ள வரக்கூடாது எண்டுதான் நான் விடிய நாலு மணிக்கு எழும்பிப் போறனான். நீங்கள் பள்ளிக்கூடத்தில வைச்சு இதைப் படிப்பிக்கிறீங்கள்." அழவில்லை. சத்தம் போடவுமில்லை. மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலைப் பற்றிச் சுவாமி எங்களுக்கு ஒரு கருத்தரங்கு வைத்திருந்தார். பூமிக்குச் செய்யும் தீங்கையும் ஏழைக்குச் செய்யும் தீங்கையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது அதில் வரும். கொப்பியில் எழுதியும் வைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் அந்தக் கொப்பியை எடுத்துப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, பெற்றோர் கூட்டத்தில் பேச வருவாரா என்று அவரிடம் கேட்டேன். பிள்ளைகள் இருக்கக்கூடாது, தாய்மாருக்கு மட்டும் என்றால் வருவேன் என்றார். வந்தார். போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் இலக்கத்தைக் காட்டினார். 1 என்று இருந்தால் வாங்குவார்கள், ஆனால் மூடி வேறு பிளாஸ்ரிக், கழற்றித் தனியாகப் போட வேண்டும். மட்டை நனைந்தால் விலை போகாது. யோகட் கோப்பையை அவரிடம் யாரும் வாங்குவதில்லை. உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய பால்மாப் பைக்கற்றும் அப்படித்தான். "அதுகளை வாங்காமல் விடுறதுதான் வழி" என்றார். அந்த வருட ஒளி விழாவில் இருந்து சட்டியில் தயிர் வாங்கிப் பாணி விட்டுக் கொடுக்கிறோம்.

கூட்டத்தின் நடுவில் ஒரு தாய் எழுந்து போய்விட்டார். அடுத்த தவணை அவருடைய பிள்ளை எங்களிடம் வரவில்லை. இவர் இருப்பதாலா, வேறு காரணமா என்று நான் விசாரிக்கவில்லை.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை எங்கள் பெட்டிகளில் சேர்ந்ததை அவர்தான் எடுக்கிறார். பாடசாலைக்குக் காசு தேவையில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. தராசு கொண்டுவந்து, எனக்கு முன்னால் நிறுத்து, கிலோக் கணக்குப் பார்த்து, காசைக் கையில் தந்து கையெழுத்து வாங்கினார். இன்றுவரை அப்படித்தான். அந்தக் காசில் நிறப்பென்சில் வாங்குகிறோம்.

கையைப் பின்னால் கட்டி நின்றவளும், கூடையை விற்றிருப்பினம் என்றவளும் இப்போது பெரிய பாடசாலையில் படிக்கிறார்கள். பின்பக்கத்து ரயரை மட்டும் யாரும் எடுக்க வரவில்லை. தண்ணீர் நிற்காமல் அதில் ஓட்டைகள் போட்டு, எங்கள் பீப்பாய்ப் பசளையும் மண்ணும் நிரப்பிக் கீரை போட்டிருக்கிறோம். மாரி தொடங்கிவிட்டது. ஓட்டைகள் அடைத்திருக்கிறதா என்று வெள்ளிக்கிழமைகளில் குச்சியால் குத்திப் பார்ப்பேன்.