டாப் அப் லைனா, பில் லைனா?

பாசார் மாலாமில் கம்பெனிக் கூடாரம் போட்டு சிம் கார்டு விற்கும் பையன்கள் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மாசம் எவ்வளவு டேட்டா யூஸ் பண்றீங்க?" வீடு எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. கெடாவில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். சுங்கை பட்டாணி டவுனில் இருப்பவருக்கும், பீடோங்கிலிருந்து உள்ளே தள்ளி செம்பனைக்கு நடுவே லயத்து வீட்டில் இருப்பவருக்கும் ஒரே பிளான் ஒரே விலைதான். கிடைக்கும் லைன் மட்டும் ஒன்றில்லை.

*

செம்பனையைப் பற்றி ஒன்று. பால் மரக் காட்டைவிட இது சிக்னலுக்குக் கொஞ்சம் பொல்லாதது. அடர்ந்த ஓலை, அதிலும் மழை பெய்து நனைந்த ஓலை, அலையைக் குடித்துவிடும். 2600 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசை வேகமானது, ஆனால் தூரம் போகாது. மறைப்பு வந்தால் சோர்ந்துவிடும். 900 மெதுவானாலும் தோட்டத்துக்குள் நுழையும். 5ஜிக்குக் கொடுத்திருக்கும் 700 மெகாஹெர்ட்ஸ் பழைய டிவி ஒளிபரப்பின் அலைவரிசை. 2019 அக்டோபர் கடைசியில் நாடு முழுக்க அந்த டிவியை நிறுத்திய பிறகு கைக்கு வந்தது. கூரையில் ஏரியல் கட்டி டிவி பார்த்த தோட்டக்காரர்களுக்கு அந்த அலை எவ்வளவு தூரம் வரும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

இதனால்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் டாப் அப் சிம் ஒன்றை வாங்கி, ராத்திரி எட்டிலிருந்து பத்துக்குள் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்கிறேன். பகல் பதினொரு மணிக்கு எந்த லைனும் நன்றாகத்தான் ஓடும். லயமே வேலைக்காட்டில் இருக்கும் நேரம் அது.

இன்னொன்று. முன்பெல்லாம் விவரமானவர்கள் ஒரு போனில் செல்காம், டிஜி இரண்டையும் போட்டு வைப்பார்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று. 2022 நவம்பர் 30-இல் இரண்டும் செல்காம்டிஜி என்று ஒரே கம்பெனி ஆகி, கோபுரங்களையும் ஒருங்கிணைக்கும் வேலை தொடங்கிவிட்டது. மாற்று லைன் வேண்டும் என்றால் இனி வேறு கம்பெனியில் எடுக்க வேண்டும்.

*

பழைய கதை கொஞ்சம். ஸ்ட்ரீமிக்ஸ் இன்டர்நெட் காலத்தில் பல தோட்டங்களில் டெலிகோம் கம்பி ஆபீசோடும் துரை பங்களாவோடும் நின்றுவிட்டது. லயத்துக்கு இன்டர்நெட் வந்தது யூ.எஸ்.பி. குச்சியில்தான், 2008, 2009 வாக்கில். "போத்தோங்" என்று பி1 கம்பெனி விளம்பரம் செய்ததே, கம்பியை வெட்டிப் போடு என்று, அந்தக் காலம். வெட்டுவதற்குக் கம்பியே இல்லாத வீடுகளுக்கு அந்த விளம்பரம் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். 2021 டிசம்பர் 31-க்குள் நாடு முழுக்க 3ஜியை மூடியதும் 3ஜி மட்டும் பிடிக்கும் குச்சிகளெல்லாம் அலமாரிக்குப் போய்விட்டன.

*

சம்பளக் கணக்கு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். தோட்டத்தில் குடும்பச் செலவு முழுக்க இந்த ஏழாம் தேதியைச் சுற்றித்தான் ஓடும். போன் செலவும் அப்படியே.

வாரத்துக்கு 12 வெள்ளி பாஸ் போடுகிறவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 625 வெள்ளி கட்டுகிறார். 30 நாளைக்கு 35 வெள்ளி பாஸ் போடுகிறவர் கட்டுவது 425 சொச்சம். (விலைகள் மாதிரிக்குத்தான், மாறிக்கொண்டே இருக்கும். விகிதம் இப்படித்தான் இருக்கும்.) 200 வெள்ளி வித்தியாசம். இதைச் சொல்லி, வாரப் பாஸ் வாங்குகிறவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று டவுன்காரர்கள் சிரிப்பதுண்டு. கணக்குத் தெரியாமல் இல்லை. இருபதாம் தேதி கையில் இருப்பது 12 வெள்ளிதான். அன்றைக்கு 35 கொடுத்தால் கோழிக்குக் காசு இருக்காது.

ஆனால் 30 நாள் பாஸிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 30 நாள் வேறு, மாதம் வேறு. ஜனவரி 7-இல் சம்பளம் வாங்கிய கையோடு பாஸ் போட்டுத் தொடர்ந்து வந்தால், சாதாரண ஆண்டில் ஆகஸ்டில் அது 5-ஆம் தேதி முடியும். டிசம்பரில் 3-ஆம் தேதி. சம்பளத்துக்கு நான்கு நாள் முன்பே டேட்டா தீர்ந்துவிடும். அந்த நான்கு நாளுக்குத் தினப் பாஸ் வாங்குவார்கள், அதுதான் இருப்பதிலேயே விலை கூடியது. 28 நாள் பாஸ் என்றால் இன்னும் மோசம்: ஆண்டுக்கு 12 இல்லை, 13 தடவை வாங்க வேண்டும். பில் லைனில் இந்தத் தொல்லை கிடையாது. பில் தேதி நகராது, கட்டுவதற்குத் தவணையும் உண்டு. ஒழுங்காகச் சம்பளம் வரும் வீட்டுக்கு அது பெரிய நிம்மதிதான். மழை நாளில் பால் வெட்டு நின்று சம்பளம் குறைந்த மாதத்திலும் அதே பில் வரும் என்பது இதன் இன்னொரு பக்கம்.

*

வரி. 2015 ஏப்ரல் ஒன்றாம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது பத்து வெள்ளி டாப் அப் 10.60 ஆனது. அறுபது காசுக்குச் சில்லறை தேடி எத்தனை கடைகளில் எத்தனை வாய்ச்சண்டை! "போன மாசம் பத்துதானே அண்ணே?" என்று கேட்பவருக்குக் கடைக்காரர் என்ன பதில் சொல்வார், பாவம். 2018 ஜூனில் ஜி.எஸ்.டி. பூஜ்யமானது. செப்டம்பரில் சேவை வரி வந்தது, ஆனால் மலேசியக் குடிமக்களின் டாப் அப்புக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பில் லைனுக்கு 6 விழுக்காடு இன்றும் உண்டு. 2024 மார்ச்சில் சேவை வரி 8 ஆனபோதும் தொலைத்தொடர்பை 6-இலேயே விட்டுவைத்தார்கள்.

ஆகவே 60 வெள்ளி பிளான் என்று பலகையில் இருந்தால் 63.60 என்று படிக்க வேண்டும். 24 மாதத்துக்கு 86 வெள்ளி 40 காசு வரி மட்டும். பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத்துக்காரருக்கும் நேப்பாளிக்கும் டாப் அப் விலக்குக் கிடையாது என்பதை நம்மில் பலர் கவனித்ததே இல்லை. ஊருக்குப் பேசுவதற்கு நம்மைவிட அதிகம் டாப் அப் போடுகிறவர்கள் அவர்கள்தான்.

*

"அன்லிமிட்டட்" என்று போட்டிருந்தால் அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். மலிவு பாஸ்களில் வேகத்தை 3 அல்லது 6 எம்.பி.பி.எஸ்ஸில் கட்டிவைத்திருப்பார்கள். ஒருவர் படம் பார்க்க அது போதும். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு; சில ஜிபியோடு நின்றுவிடும். ஒரே போனில் தனியாக வாழ்கிறவரை நினைத்துச் செய்த பிளான் அது. அம்மா போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மூன்று பிள்ளைகள் பாடம் படிக்கும் வீட்டில் பத்தாம் தேதியே அது தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு மோடத்தில் போடும் தனி சிம் பிளான்தான் சரி. சற்று விலை கூடினாலும் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

2020 மார்ச் 18-இல் ஊரடங்கு வந்து பள்ளிகள் மூடியதும், ஏப்ரலிலிருந்து தினம் 1 ஜிபி இலவசம் என்றார்கள், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. நல்ல காரியம்தான். ஆனால் தோட்ட வேலை நிற்கவில்லை. அப்பா விடியும் முன் பால் வெட்டக் கிளம்புவார், வீட்டின் ஒரே போன் அவர் சட்டைப்பையில் போய்விடும். அவர் மதியம் திரும்பும்போது ஆசிரியரின் வகுப்பு முடிந்திருக்கும். டேட்டா இருந்தது, போன் இல்லை. பிறகு வந்த ஜாரிங்கான் பிரிஹாத்தின் திட்டத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் போன் வாங்கவும் உதவித்தொகை சேர்த்தார்கள். அதைச் சரியான யோசனை என்பேன். பிளானை மலிவாக்குவதால் மட்டும் தீருகிற விஷயம் இல்லை இது.

*

போனோடு வரும் 24 மாத ஒப்பந்தம். இதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாதிரிக்கு: மாதம் 98 வெள்ளி, போன் "இலவசம்". 24 மாதத்தில் 2,352 வெள்ளி, வரி சேர்க்காமல். அதே தரமான போனைக் கடையில் 900-க்கு வாங்கி, மாதம் 35 வெள்ளி டாப் அப் போட்டால் 1,740. வித்தியாசம் 612. இதைத் தாளில் எழுதிக் காட்டினால் யாரும் மறுக்க மாட்டார்கள். "தொள்ளாயிரத்த ஒரே தடவையில யாருங்க எடுத்து வைக்கிறது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஒப்பந்தக்காரன் விற்பது டேட்டாவை இல்லை, கடனை. கடன் தேவைப்படுகிறவர் கடன் என்று தெரிந்தே வாங்கட்டும் என்பதுதான் என் கட்சி.

கையெழுத்து யாருடையது என்பதும் முக்கியம். தோட்டத்து அப்பாவிடம் சம்பளச் சிலிப் கேட்டால் தயங்குவார். கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை செய்யும் மகனிடம் சிலிப் இருக்கிறது. ஆகவே அப்பா, அம்மா, தங்கை எல்லாருடைய லைனும் மகனின் ஐ.சி.யில் ஏறிவிடும். ஒரு தலைமை லைன், அதற்குக் கிளை லைன்கள். இப்படிச் சேர்த்து எடுத்தால் ஆளுக்கு ஆகும் விலை டாப் அப்பைவிடக் குறையவும் செய்யும். பில் லைன் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் இது ஒன்றுதான். ஆனால் மகன் பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ வேலை மாறிப் போய் ஒரு மாதம் கட்ட மறந்தால், குடும்பத்தின் நான்கு போனும் ஒன்றாக ஊமையாகும். பாக்கி நீண்டால் கடன் பதிவில் அவன் பெயர் ஏறும், பிறகு மோட்டார் லோன் கேட்கப் போகும்போதுதான் தெரியும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் "லைன் யார் பேர்ல?" என்று ஒரு வார்த்தை கேட்டுவைப்பது தப்பில்லை.

செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது வேறு: மூன்று மாத விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் 24 மாத ஒப்பந்தம் எடுக்காதீர்கள். சிம் மட்டும் வரும், ஒப்பந்தம் இல்லாத பில் பிளான்கள் இருக்கின்றன. வேண்டாம் என்றால் மறு மாதமே நிறுத்தலாம்.

*

டாப் அப் லைனில் எனக்குப் பிடிக்காதது அதன் ஆயுள். ஏறக்குறைய ஒரு வெள்ளிக்கு ஒரு நாள்: பத்து வெள்ளி போட்டால் பத்து நாள், முப்பது போட்டால் முப்பது. அதன் பிறகு கொஞ்ச நாள் அழைப்பு மட்டும் வரும், பிறகு எண் போய்விடும். யாருக்கும் போன் செய்யாமல், பேரப்பிள்ளை கூப்பிடுவதை எடுக்க மட்டும் போன் வைத்திருக்கும் பாட்டியின் எண் இப்படித்தான் சாகிறது. உள்ளே பாக்கிக் காசு இருந்தாலும் நாள் முடிந்தால் முடிந்ததுதான்.

முன்பு எண் போனால் சொந்தக்காரர்களிடம் புது எண்ணைச் சொன்னால் போதும். இன்றைக்கு வங்கிக் கணக்கு, கிளினிக் அட்டை, அரசாங்க உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் அந்த எண்ணில் தொங்குகின்றன. குறுஞ்செய்தியில் வரும் டி.ஏ.சி. எண்ணைவிட்டு வங்கிகள் போனில் இருக்கும் செயலிக்கு மாற வேண்டும் என்று 2022-இல் பேங்க் நெகாரா சொன்ன பிறகும், கணக்கோடு பதிந்த எண் செத்துவிட்டால் கவுன்டரில் போய் நிற்கத்தான் வேண்டும். பாலிங் பக்கம் உள்ளே இருக்கிறவருக்கு அது ஒரு நாள் கூலி, போக்குவரத்து வேறு. சில கம்பெனிகள் ஆயுளை மட்டும் ஓராண்டுக்கு நீட்டிப்பதைத் தனியாக விற்கின்றன. டேட்டா வராது, எண் உயிரோடிருக்கும். கடைக்காரர்கள் அதைத் தாமாகச் சொல்வது அபூர்வம். நாம்தான் கேட்க வேண்டும்.

*

புக்கிட் காயு ஹீத்தாம் பக்கம் போகிறவர்களுக்கு. டானோக், ஹாட்யாய் என்று வார விடுமுறையில் எல்லை தாண்டுவது கெடாக்காரர்களுக்குப் புதிதில்லை. எல்லைக்கு நெருங்கினாலே போன் சில சமயம் தாய்லாந்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். டாப் அப் லைன் என்றால் இருக்கும் காசு போகும், அதோடு சரி. பில் லைனில் ரோமிங் திறந்திருந்தால் எவ்வளவு போனது என்பது அடுத்த பில்லில்தான் தெரியும். சாங்லூன் தாண்டும்போதே டேட்டா ரோமிங்கை அடைத்துவிடுவது நல்லது.

*

எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி 2008-இலிருந்தே இருக்கிறது. 012 என்றால் மேக்சிஸ், 016 என்றால் டிஜி என்று எண்ணைப் பார்த்துச் சொன்ன காலம் அதோடு போயிற்று. டாப் அப்பிலிருந்து பில்லுக்கும், பில்லிலிருந்து டாப் அப்புக்கும் அதே எண்ணோடு போகலாம். மாறும்போது டாப் அப்பில் மீந்த காசு கூட வராது, அதனால் அதைப் பேசித் தீர்த்துவிட்டு மனுக் கொடுக்க வேண்டும். ஒப்பந்த லைனாக இருந்தால் முடியும் தேதியைக் கேட்டு, காலண்டரில் எழுதி, ஒரு மாதம் முன்பே கிளையில் போய் நில்லுங்கள். போன் கடன் அடைந்த பிறகும் பலருக்கு அதே 98 வெள்ளி பில் வந்துகொண்டிருக்கிறது. குறைத்துத் தரச் சொல்லிக் கேட்டால்தான் குறையும்.