கட்டளை நின்ற இடம்

கித்தாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் இரண்டு சேனல்கள் அமைந்துள்ளன. ஒன்று கம்பியின் ஓசையைத் தெளிவாகத் தரும். மற்றொன்று அதே ஓசையைக் கரகரப்பாக்கி நீண்டு ஒலிக்கச் செய்யும். 1960-களின் ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் போன்ற கருவிகளில் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியே செருகும் துளைகள் இருந்தன. 1970-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் மேசா பூகி நிறுவனம், காலால் மிதித்தே சேனலை மாற்றும் கருவியைக் கொணர்ந்தது. வாசிப்பவரின் கைக்கு விடுதலை கிடைத்தது. பழுதுக்கும் புதியதோர் இடம் கிடைத்தது.

அப்பழுது வெளிப்படும் வேளை இரக்கமற்றது. ஒத்திகையில் ஒழுங்காக இயங்கிய கருவி, நிறைந்த மண்டபத்தில் தனிவாசிப்புத் தொடங்கும் கணத்தில், எத்தனை முறை மிதித்தாலும் பழைய ஒலியிலேயே நின்றுவிடும். மறுநாள் அது பழுதுபார்ப்பவரிடம் வருகிறது. அனுபவமற்றவர் உடனே வால்வுகளை மாற்ற முனைவார். மாற்றிய பின்னும் சேனல் அசையாவிடில், உரியவரின் பணத்தோடு அவர் வைத்த நம்பிக்கையும் போய்விடும்.

ஒலி செல்லும் வழி வேறு. மாறு என்னும் கட்டளை செல்லும் வழி வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர், கட்டளை எவ்விடத்தில் நின்றுபோயிற்று என்றே முதலில் தேடுவார். கால்சுவிட்சைக் கழற்றிவிட்டு, முகப்பிலுள்ள பொத்தானை அழுத்திப் பார்ப்பார். அதனால் சேனல் மாறினால், குறை பெரும்பாலும் கால்சுவிட்சிலோ, அதன் வடத்திலோ, அது செருகப்படும் துளையிலோ இருக்கும். மிதிபட்டும் மடிபட்டும் கிடக்கும் வடம், செருகியின் கழுத்தருகே உள்ளுக்குள் அறுந்திருப்பது மிகச் சாதாரணம். மல்டிமீட்டரை இணைத்து வடத்தை மெல்ல வளைத்தால் உண்மை தெரிந்துவிடும். நம் நாட்டு ஈரக்காற்றில் துளைகளின் உலோகத் தொடுமுனைகள் கறுத்துப்போவதும் உண்டு.

பொத்தானுக்கும் கருவி இணங்கவில்லையெனில், பெட்டியைத் திறந்தாக வேண்டும். இங்கே அவசரம் உயிருக்கே ஆபத்து. வால்வுக் கருவியின் பெரிய மின்தேக்கிகள், மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். தக்க மின்தடையின் வழியே அதை வடித்து, மீட்டரால் அளந்து உறுதி செய்யாமல் உள்ளே விரல் வைத்தல் ஆகாது. இதைக் கற்றிராதவர் பெட்டியைத் திறவாதிருப்பதே அறிவுடைமை.

பல கருவிகளில் சேனலை மாற்றுவது ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சு. அது மாறும்போது ‘டக்’ என்னும் மெல்லோசை எழும். ஓசை எழுந்தும் ஒலி மாறவில்லை என்றால், கட்டளை வந்துசேர்ந்துவிட்டது. ரிலேயின் தொடுமுனைகளிலோ ஒலிவழியிலோதான் குறை. மூடி முத்திரையிட்ட ரிலேயினுள் துப்புரவுத் திரவம் தெளிக்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். ஓசையே எழாவிடில், அதன் சுருளுக்கு உரிய 5 அல்லது 12 வோல்ட் வருகிறதா என அளக்க வேண்டும். மின்தேக்கி வற்றி அழுத்தம் தளர்ந்தால் ரிலே படபடவென்று துடிக்கும். சுருளுக்குக் குறுக்கே உள்ள டயோடு உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டாலோ, சுருளுக்கு மின்சாரமே எட்டாது. ஆயினும் ஓசை இல்லை என்றவுடன் ரிலேயைப் பழித்தல் கூடாது. சில கருவிகளில் ரிலேயே கிடையாது. ஒளி பட்டால் தடை குறையும் உறுப்போ, டிரான்சிஸ்டரோ ஓசையின்றி அவ்வேலையைச் செய்யும்.

எல்லாவற்றிலும் பொல்லாதது, அரைமணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு தோன்றும் பழுது. ஈயப்பற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்து, சூடேறியதும் விலகுவது அதற்கொரு காரணம். அதைக் கண்டுபிடிக்கக் கைதேர்ந்தவர்கள் விலையுயர்ந்த கருவி எதையும் தேடுவதில்லை. சீன உணவுக்கடையில் கிடைக்கும் மரச் சாப்ஸ்டிக் ஒன்று போதும். அது மின்சாரத்தைக் கடத்தாது. ஓடிக்கொண்டிருக்கும் கருவியில், ஒரு கையை விலக்கி வைத்துக்கொண்டு, அக்குச்சியால் ஒவ்வோர் இணைப்பாக மெல்லத் தட்டுவர். குறையுள்ள இடத்தைத் தொட்டதும் சேனல் தானே தாவும். மீண்டும் மின்சாரத்தைத் துண்டித்து வடித்த பிறகு அவ்விடத்தில் புதிதாக ஈயம் பற்றவைப்பர். பின்னர்ப் பெட்டியை மூடி, முழுச் சூடேறும்வரை ஒரு மணி நேரமேனும் ஓடவிட்டு, இடையிடையே கால்சுவிட்சை மிதித்துப் பார்த்த பிறகே உரியவரை அழைப்பர்.